‘ம்’ கொட்டிக்கொண்டே கற்றுக்கொள்ளட்டும்: உணவு அலர்ஜியைப் பிள்ளைக்குக் கதையாகச் சொல்ல ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டுப் பெரியவனுக்கு மூன்றரை வயது. காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் ஒரு கல்யாண வீடு. வளவில், அதாவது நடுமுற்றத்தில், உட்கார்ந்திருந்த உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் அவனைக் கூப்பிட்டு மடியில் வைத்து, கை நிறைய மனகோலம் கொடுத்தார். பத்து நிமிடத்தில் உதடு வெள்ளைப் பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. “சூடு” என்றார் ஒருவர். “கண்ணு பட்டிருச்சு, சுத்திப் போடுங்க” என்றார் இன்னொருவர். அவன் வாந்தி எடுத்து, மூச்சு இரைக்க ஆரம்பித்த பிறகுதான் வண்டியை எடுத்தோம். ஊசி போட்டதும் அடங்கியது. மனகோலத்தில் தேன்குழல் துண்டும் தேங்காயும் பொட்டுக்கடலையும் கண்ணுக்குத் தெரிந்தன. பாகுக்குள் வேர்க்கடலையும் இருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

அந்தப் பெரியம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. வந்த பிள்ளைக்குப் பலகாரம் கொடுக்காமல் அனுப்பினால்தான் இங்கே குற்றம். என் கவலையே அதுதான். ‘தெரியாதவர் எது கொடுத்தாலும் வாங்காதே’ என்று சொல்லி வளர்த்துவிடலாம். அப்பத்தா கொடுப்பதை வாங்காதே என்று எப்படிச் சொல்வது? அதைப் பிள்ளைக்குப் பாடமாக நடத்த முடியவில்லை, கதையாகச் சொல்ல முடிந்தது. இந்த ஐந்தாறு வருடத்தில் எங்கள் வீட்டில் எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: முதலில் பெரியவர்கள் தெளிவாக வேண்டும்

“சேராது” என்ற ஒரு சொல்லை நாம் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறோம். தயிர் சாப்பிட்டால் சளி பிடிக்கும், சேராது. பால் குடித்தால் வயிறு உப்புசம், சேராது. வேர்க்கடலை சாப்பிட்டால் மூச்சு அடைக்கும், அதுவும் சேராது. மூன்றும் ஒன்றல்ல. பாலில் உள்ள சர்க்கரை செரிக்காமல் வயிற்றைக் கலக்குவது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். அலர்ஜி என்பது உடம்பின் எதிர்ப்பு சக்தி, ஓர் உணவில் உள்ள புரதத்தை எதிரி என்று எடுத்துக்கொள்வது. அதில் துளி அளவும் கணக்கு. ‘கொஞ்சம் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது’ என்ற பேச்சு அங்கே செல்லாது.

ஆகவே கதைக்கு முன் மருத்துவர். தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ செய்வார்கள். அதில் பாசிடிவ் என்று வந்ததாலேயே அலர்ஜி என்று முடிவாகிவிடாது. சாப்பிட்டபோது என்ன நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துப் பயந்துபோய்ப் பத்து உணவை நிறுத்திவிட்டுப் பிள்ளையை இளைக்க வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எது ஆகாது, எது ஆகும் என்ற பட்டியலை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். கதையில் அந்தப் பட்டியல்தான் வரவேண்டும்.

வீட்டில் கைக்குழந்தை ஒன்று இருந்தால் ஒரு வார்த்தை. மூத்தவனுக்கு ஆகாது என்பதால் சின்னதுக்கும் வேர்க்கடலையே காட்டக் கூடாது என்று நினைக்காதீர்கள். 2015-இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில் அலர்ஜி வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளைச் சேர்த்திருந்தார்கள். சிறுவயதிலேயே வேர்க்கடலை கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு அந்த அலர்ஜி மிகக் குறைவாகவே வந்தது. எப்போது, எப்படிக் கொடுப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: பெயரைத் திருத்துங்கள்

இதில் நாங்கள் சறுக்கினோம். “உனக்குக் கடலை ஆகாது” என்றுதான் முதலில் சொல்லிக் கொடுத்தோம். அப்புறம் பார்த்தால் பையன் பஜ்ஜியைத் தொடமாட்டான், அது கடலை மாவு. சுண்டலைப் பார்த்து அழுவான், அது கொண்டைக்கடலை. கோலா உருண்டையில் பொட்டுக்கடலை, தாளிப்பில் கடலைப்பருப்பு. தமிழில் பாதி சமையலறை கடலைதான். இன்னொரு பக்கம், யாராவது “இது கடலை மிட்டாய் இல்லப்பா, கடலை எண்ணெய்தான்” என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

எனவே ஒரே ஒரு பெயர் வையுங்கள். நாங்கள் ‘வேர்க்கடலை’ என்று வைத்தோம். நிலக்கடலை, மல்லாட்டை என்று வேறு பெயரில் சொன்னாலும் அதேதான் என்று தோலோடு படம் வரைந்து காட்டினோம். முந்திரி, பாதாம் வேறு குடும்பம். எள் வேறு. தேங்காய் வேறு, வேர்க்கடலை ஆகாது என்பதற்காகத் தேங்காயை நிறுத்த வேண்டியதில்லை. பிள்ளையிடமும் இதே தெளிவோடு பேசுங்கள்.

கூடவே உங்கள் அடுப்படியையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் புரதம் தங்கியிருக்கும், எனவே வேர்க்கடலை அலர்ஜி உள்ள பிள்ளைக்கு அது கூடாது. எள் ஆகாத பிள்ளைக்கு நல்லெண்ணெயும் அப்படியே. இட்லிப் பொடியில் எள் போடுகிற வீடு உண்டு, வேர்க்கடலை போடுகிற வீடும் உண்டு. குழம்பைக் கெட்டியாக்க அரைத்த முந்திரி, நண்டும் இறாலும் வதக்கிய அதே வாணலி, முறுக்கும் மற்றப் பலகாரமும் ஒன்றாகப் பொரிந்த எண்ணெய் எல்லாமே ஒளிந்துகொள்ளும் இடங்கள். பால் ஆகாத பிள்ளைக்கு ஆடிக் கும்மாயமும் மாவுருண்டையும் நெய்யோடு வரும்.

படி 3: காவல்காரர் கதை

நான் முதலில் கட்டிய கதையில் வேர்க்கடலை ஒரு ராட்சசன். அது பெரிய தப்பு. அவன் தங்கை திண்ணையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துச் சாப்பிட, இவன் அலறிக்கொண்டு ஓடினான். அந்த உணவு கெட்டது இல்லை, பலருக்கும் நல்லதுதான். எனவே கதையில் வில்லனே வேண்டாம். அவசரக்கார நல்லவன் ஒருவன் போதும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய வீடு தெரியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, பின்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, சாவிக்கொத்தோடு ஒரு காவல்காரர் மட்டும் இருப்பார். நம் உடம்புதான் அந்த வீடு. கதையைப் பேச்சு வழக்கிலேயே சொல்லுங்கள், ஒவ்வொரு வரிக்கும் பிள்ளை ‘ம்’ கொட்ட வேண்டும்.

“ஒரு ஊர்ல ஒரு பெரிய வீடு.” ம். “அந்த வீட்டுக்கு ஒரு காவல்காரரு. நல்லவரு, ஆனா ரொம்ப ரொம்ப உஷாரு.” ம். “கிருமித் திருடன் வந்தா விசில் அடிச்சுத் துரத்திடுவாரு.” இங்கே பிள்ளை விசில் அடிக்க வேண்டும். “ஒருநாள் வேர்க்கடலை விருந்தாளியா வந்துச்சு. காவல்காரருக்குக் கண்ணு மங்கல். திருடன்னு நினைச்சுட்டாரு. அன்னைக்கு ஒண்ணும் பண்ணல. அதோட மூஞ்சியைப் படமா வரைஞ்சு சட்டைப்பையில வச்சுக்கிட்டாரு.” ம். “மறுபடியும் வேர்க்கடலை வந்துச்சு. படத்தை எடுத்துப் பார்த்தாரு. ‘அவனேதான்!’” மறுபடியும் விசில். “விசிலோட விட்டாரா? இல்ல. மாடித் தொட்டியில இருந்த தண்ணியை எல்லாம் திறந்து விட்டுட்டாரு. முகப்பு ஊறி உப்பிப் போச்சு.” எது முகப்பு என்று கேளுங்கள். உதடு என்று தொட்டுக் காட்டுவான். “சுவரெல்லாம் அரிச்சு, திட்டுத் திட்டா வீங்குச்சு.” தோல். “வளவுல தண்ணி சுழட்டுச்சு.” வயிறு. “காத்து வர்ற நடை அடைச்சுக்கிச்சு.” தொண்டை. “அப்ப பக்கவாசல் வழியா ஊசி அண்ணன் ஓடி வந்தாரு. குழாயை எல்லாம் மூடினாரு. நடை திறந்துச்சு. ஆஸ்பத்திரிக்காரங்க வந்து வீட்டைத் துடைச்சுக் கொடுத்தாங்க.” பக்கவாசல் எது? தொடை.

இது வெறும் கற்பனை இல்லை. காவல்காரர் வரைந்த படம்தான் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள். தொட்டி மாஸ்ட் செல் என்ற எதிர்ப்பு சக்திச் செல், தண்ணீர் அதிலிருந்து கொட்டும் ஹிஸ்டமின் முதலிய ரசாயனங்கள். ஊசி அண்ணன் அட்ரினலின் என்ற மருந்து. முதல் தடவை சும்மா இருந்து இரண்டாம் தடவை கொந்தளிப்பதை 1902-இல் பிரான்சில் ரிஷே, போர்த்தியே என்ற இரண்டு விஞ்ஞானிகள் நாய்களில் பார்த்து அனஃபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். 1913-இல் ரிஷேவுக்கு நோபல் கிடைத்தது. பிள்ளை வளர்ந்து “நிஜமாவா?” என்று கேட்கும்போது கதையை மாற்றாமலே பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அந்த முதல் அறிமுகம் எப்போது நடந்தது என்பது பல சமயம் நமக்குத் தெரியவே தெரியாது. தோல் வழியாகக்கூட நடந்திருக்கலாம்.

முட்டை ஆகாத ஒரு உறவுப் பெண்பிள்ளை இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, “நம்ம வீட்டுச் சுவத்துல முட்டை பூசியிருக்காங்களாமே, நான் சாயலாமா?” என்று கேட்டாள். செட்டிநாட்டுச் சுவரின் வழவழப்புக்குச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்த கதையை யாரோ சொல்லியிருக்கிறார்கள். “சாயலாம் ஆத்தா, நக்காத” என்றார் அவளுடைய ஆயா.

படி 4: ‘ம்’ நிற்கும் இடம்

கதை பழகிவிட்டால் அடுத்த விளையாட்டு. சாப்பாடு நிறைந்த கதை ஒன்றைச் சொல்லுங்கள். ஒரு அணில் கானாடுகாத்தானிலிருந்து தேவகோட்டை வரை விருந்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். “முதல் வீட்டுல இடியாப்பம்.” ம். “ரெண்டாம் வீட்டுல கவுனி அரிசி.” ம். “மூணாம் வீட்டுல வேர்க்கடலை உருண்டை.” இங்கே ‘ம்’ வரக் கூடாது. “நில்லு!” என்று கத்த வேண்டும். ‘ம்’ என்று தவறிச் சொன்னால் அணிலுக்கு விசில், கதையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதில் இருக்கிற குஷி கொஞ்சநஞ்சமில்லை.

அடுத்த கட்டத்தில் கடினமாக்குங்கள். “நாலாம் வீட்டுல ஒரு சட்னி.” இதற்கு ‘ம்’ தப்பு, ‘நில்லு’ம் தப்பு. “இதுல என்ன போட்டிருக்கு?” என்பதுதான் சரியான பதில். ஆகும், ஆகாது என்ற இரண்டோடு ‘தெரியாது, கேட்கணும்’ என்ற மூன்றாவதையும் பிள்ளை கற்றுக்கொள்கிற இடம் இதுதான். எங்களுக்கு இதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. பரவாயில்லை, விட்டுவிடாதீர்கள்.

பல்லாங்குழி இருந்தால் அதன் 14 குழிகளிலும் சின்னச் சின்ன உணவுப் படங்களைப் போட்டு, கடைசி சோழி விழுந்த குழிக்கு இதே மூன்று பதிலில் ஒன்றைச் சொல்ல வைக்கலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் இன்னும் வசதி. ஒரு பூக்கல் ‘ஆகும்’, ஒரு வெறும் கல் ‘ஆகாது’, நடுக்கோடு ‘கேட்கணும்’. உணவின் பெயரைச் சொன்னதும் தாவ வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை இருக்கும் இடத்தில் சோழி, புளியங்கொட்டை வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும்.

படி 5: மஞ்சள் விளையாட்டு

ஒரே கரண்டியில் எடுத்தால் என்ன என்று பெரியவர்களே கேட்பார்கள். பிள்ளைக்கும் அவர்களுக்கும் சேர்த்து ஒரே நாளில் காட்டிவிடலாம். ஒரு கிண்ணத்தில் மஞ்சள் தூள், பக்கத்தில் வெள்ளை அரிசி மாவு. மஞ்சளில் விட்ட கரண்டியை மாவில் விடுங்கள். அதே கையோடு சொம்பு, கதவுப்பிடி, பிள்ளையின் கன்னம் என்று தொடுங்கள். எங்கெல்லாம் மஞ்சள் என்று துப்பறிந்து வரச் சொல்லுங்கள். பந்தியில் கரண்டி இலைக்கு இலை போவது அப்போது தானாகப் புரியும்.

கழுவுவதையும் விளையாட்டாக்குங்கள். துணியில் துடைத்த கை, வெறும் தண்ணீரில் கழுவிய கை, சோப்புப் போட்ட கை மூன்றையும் ஒப்பிடட்டும். கை சுத்திகரிப்பான் கிருமியைக் கொல்லும், ஆனால் வேர்க்கடலைப் புரதத்தை அகற்றாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

படி 6: ‘ஒண்ணும் ஆகாது’ நாடகம்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம். பிள்ளைக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரியும். மரியாதை குறையாமல், மூன்றாவது தடவை வற்புறுத்தும்போதும் சொல்லத் தெரியாது. அதை நடித்துத்தான் பழக்க வேண்டும்.

முதலில் நீங்கள் பிள்ளையாக நடியுங்கள், அவன் அப்பத்தாவாகட்டும். துண்டைச் சேலை மாதிரி போட்டுக்கொண்டு, “வா ராசா, அப்பத்தா ஆசையாப் பண்ணியிருக்கேன், ஒரு வாய் வாங்கிக்க, ஒண்ணும் ஆகாது” என்று அவன் வற்புறுத்துவதைப் பாருங்கள். வீட்டில் யார் எப்படிப் பேசுகிறார்கள் என்பது அன்றைக்கு உங்களுக்குத் தெரியும்! நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்: “எனக்கு வேர்க்கடலை ஆகாது அப்பத்தா. அம்மாகிட்ட கேட்டுட்டுச் சாப்பிடுறேன்.” அப்புறம் வேடம் மாறுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் வற்புறுத்தலைக் கூட்டுங்கள். “அப்பத்தா மேல பாசம் இல்லையா?” என்ற சுற்று கடைசி. அதற்குப் பதில் சொல்ல என் மகனுக்கு ஒரு வாரம் ஆனது. “பாசம் இருக்கு. அதான் கேட்கிறேன்” என்று அவனே ஒன்றைக் கண்டுபிடித்தான். எழுதிக் கொடுத்த வசனத்தைவிட அது நன்றாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டோம்.

வேண்டாம் என்றதோடு பிள்ளை வெறுங்கையோடு நிற்கக் கூடாது. விசேஷ வீட்டுக்குப் போகும்போது வீட்டில் செய்த தேன்குழலோ சீப்புச்சீடையோ ஒரு டப்பாவில் எடுத்துப்போங்கள். “நீங்க கொடுத்ததை அம்மா பார்த்துட்டுத் தருவாங்க, இப்ப இதைச் சாப்பிடுறேன்” என்றால் கொடுத்தவர் முகமும் வாடாது.

அண்ணன் தங்கை, பள்ளித் தோழர்களையும் நாடகத்தில் சேருங்கள். ‘விசில் கேட்டால் பெரியவரைக் கூப்பிட ஓடுகிறவன்’ வேடத்துக்கு எங்கள் வீட்டில் சண்டையே நடக்கும்.

படி 7: விசில் கேட்டால்

சின்னப் பிள்ளைக்கு ‘மூச்சுத்திணறல்’ தெரியாது. “தொண்டையில முள்ளு”, “நாக்கு பெருசாயிருச்சு”, “வாய்க்குள்ள எறும்பு”, “வயித்துல சுழட்டுது” என்று அதன் வார்த்தையிலேயே பழக்குங்கள். கதையில் கட்டாயம் ஒரு விதி இருக்கட்டும்: விசில் கேட்டால் ஒளியக் கூடாது, கழிப்பறைக்குத் தனியாகப் போகக் கூடாது, பக்கத்தில் இருக்கும் பெரியவரிடம் உடனே “விசில்!” என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சாப்பிட்டுவிட்டாலும் திட்டு விழாது என்று வாக்குக் கொடுங்கள், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். திட்டுக்குப் பயந்து மறைக்கும் பத்து நிமிடம்தான் ஆபத்து.

மீதி முழுவதும் பெரியவர் வேலை. அறிகுறி பெரும்பாலும் சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரும். தடிப்பு, வீக்கத்தோடு மூச்சுத் திணறல், குரல் கரகரப்பு, தொடர் வாந்தி, மயக்கம் என்று ஏதாவது சேர்ந்தால் காத்திருக்காதீர்கள். மருத்துவர் அட்ரினலின் எழுதிக் கொடுத்திருந்தால் தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே போட வேண்டும், 108-ஐ அழைக்க வேண்டும். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு விட முடியவில்லை என்றால் காலை நீட்டி உட்காரட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள். செட்டிரிசின் போன்ற மருந்து அரிப்பைக் குறைக்கும், அடைபடும் மூச்சுக்குழாயைத் திறக்காது. ஊசியில் தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போங்கள். சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வருவதுண்டு. பேனா மாதிரியான தானியங்கி ஊசி நம் ஊர் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைக்காது. உங்கள் பிள்ளையின் எடைக்கு எவ்வளவு மருந்து, எப்படி எடுத்துப் போடுவது என்பதை மருத்துவரிடம் செய்து காட்டச் சொல்லுங்கள்.

படி 8: வயதுக்கேற்ற கதை

மூன்று நான்கு வயதுக்குக் காவல்காரரும் விசிலும் போதும். ஐந்திலிருந்து ஏழு வரை நாடகம், மஞ்சள் விளையாட்டு. எட்டுக்கு மேல் துப்பறியும் கதைதான் எடுபடும்: பாக்கெட்டைக் கையில் கொடுத்துக் ‘குற்றவாளி’யைத் தேடச் சொல்லுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிப்படி கோதுமை போன்ற குளூட்டன் உள்ள தானியம், நண்டு இறால் வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்பைட் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் அது ஆகியவற்றைத் தனியாக அறிவிக்க வேண்டும். எள் அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே உட்பொருள் பட்டியலையும் முழுதாகப் படிக்க வேண்டும். எடை போட்டுக் கட்டிக் கொடுக்கும் பலகாரத்தில் எந்த எழுத்தும் இருக்காது. அங்கே செய்தவரிடம் கேட்பது ஒன்றுதான் வழி.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். கதையின் முடிவைப் பூட்டிவிடாதீர்கள். பால், முட்டை அலர்ஜி பல பிள்ளைகளுக்கு வளர வளரப் போய்விடும். வேர்க்கடலை ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் போகும். போயிற்றா என்பதை மருத்துவமனையில் மட்டுமே சோதிக்க வேண்டும், வீட்டில் கூடாது. எங்கள் கதையில் இதற்காகக் காவல்காரர் ஒவ்வொரு வருடமும் கண் டாக்டரிடம் போய்வருகிறார். இன்னும் கண்ணாடி கிடைக்கவில்லை.

போன ஆடியில் அப்பத்தா கும்மாயம் கிண்டியிருந்தார். பையன் அடுப்படி வாசலில் நின்றான். கிண்ணத்தை நீட்டாமல் அவராகவே தொடங்கினார்: “உளுந்து.” “ம்.” “பாசிப்பருப்பு.” “ம்.” “பச்சரிசி.” “ம்.” “கருப்பட்டி.” “ம்.” “நெய்.” “ம்.” கொஞ்சம் நிறுத்திப் பார்த்தான். “கரண்டி?” என்றான். “கழுவிப்புட்டேன்டா, கழுவிப்புட்டேன்” என்று சிரித்துக்கொண்டே கிண்ணத்தைக் கொடுத்தார்.